மெரின் போய் உட்கார்ந்த இடம்

துலூஸ்
9 ஜனவரி 2024

நெல்சனுக்கு,

செப்டம்பரிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். தபால்காரர் கையில் கொடுத்துவிட்டால் பிரிக்காமல் வைக்க மனசு வராது. பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றித்தான்.

என் தங்கை சாந்திரா போய் நான்கு மாதம் ஆகிறது. மெரினுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. எல்.கே.ஜி.யோடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினீர்கள். ஜெஸ்வினுக்கு ஐந்தாகிறது, அவன் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. சாந்திரா இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் டீச்சராக இருந்தவள். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள், சரி என்றேன். வாரத்தில் இரண்டு நாள் ஏரி, ஆறு, திருவக்கரைக் கல்மரம் என்று கூட்டிக்கொண்டு அலைவாள். சேற்றில் நிற்கிற பிள்ளைகளின் போட்டோ வரும். நானும் எங்கள் வீட்டுக்காரர் எமீலும் பார்த்துச் சிரிப்போம். இப்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறாய். மத்தியானம் போனால் ராத்திரிதான் வருகிறாய். அதுவரை பிள்ளைகள் மாடி வீட்டு சுமலதாவிடம் இருக்கிறார்கள். காலையில் தூக்கம் போதாத கண்ணோடு நீ பாடம் நடத்துகிறாய். அது படிப்பா?

அம்மா வழியில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சு நேசியோனாலித்தே, அதுதான் குடியுரிமை, இருக்கிறது. என்னிடம் அனுப்பு. செப்டம்பரில் இங்கே எக்கோல் திறக்கும்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன். வருஷா வருஷம் வக்கான்ஸ் லீவுக்கு உன்னிடம் வருவார்கள்.

கல்லறையில் நான் கேட்டது உனக்கு வலித்திருக்கும். காய்ச்சலோடு இருந்தவளை வெயிலில் திருவக்கரைக்கு எதற்கு அனுப்பினாய் என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது.

லுயீஸ்


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
27 ஜனவரி 2024

லுயீஸ் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டால் நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள்.

நான் அவளை அனுப்பவில்லை. அவளாகப் போனாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் விட்டிருந்தது. "ஒடம்பு சரியாயிடுச்சு, புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன், போய்ட்டு வந்துடறேன்" என்றாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தேன். கண்ணைத் திறந்து "சரி" என்றேன். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அந்த "சரி"யை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெரினை ஏன் நிறுத்தினோம் என்று உங்களுக்குத் தெரியும். எல்.கே.ஜி.யில் ஒரு வருஷம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. யார் மேலும் குற்றம் இல்லை. கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு ஒடுக்கம். சாந்திரா வேலையை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்தாள். வெளியே கூட்டிக்கொண்டு போகப்போகத்தான் பேச்சு வந்தது. ஊசுட்டேரிக் கரையில் ஒரு நாரை மீனைப் பிடித்ததும் "அம்மா, முழுங்கிடுச்சு" என்று அவள் கத்தியதை சாந்திரா ராத்திரி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவள் ஸ்கூட்டியிலேயே கிளம்பிவிடுகிறோம். முன்னால் ஜெஸ்வின், பின்னால் மெரின். அவள் எந்த வழியில் போவாளோ அதே வழி. எந்த மரத்தடியில் பையை இறக்குவாளோ அங்கேதான் நானும் இறக்குகிறேன். போன வாரம் தேங்காய்த்திட்டில் அலையாத்தி மரங்களைப் பார்த்தோம். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் எப்படி மூச்சு விடுகிறது என்று, அவள் சொல்லி நான் கேட்டிருந்ததைச் சொன்னேன். ஜெஸ்வின் குனிந்து வேரின் நுனியில் காதை வைத்துக் கேட்டான்.

எனக்கு இருப்பது இவ்வளவுதான் அக்கா. பிள்ளைகள் எங்கேயும் வரமாட்டார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை இந்தப் பேச்சு வேண்டாம்.

நெல்சன்


துலூஸ்
15 பிப்ரவரி 2024

நெல்சனுக்கு,

"எனக்கு இருப்பது" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

கோபப்படாதே. போன ஞாயிற்றுக்கிழமை சுமலதாவின் போனில் மெரினோடு பேசினேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். சுமலதா மேல் தப்பு இல்லை, நான்தான் கெஞ்சினேன். ஜெஸ்வின் வாய் மூடாமல் பேசினான். நண்டு பக்கவாட்டில் நடப்பதை நடந்து காட்டினானாம், போனில் எனக்கு எப்படித் தெரியும். மெரின் ரொம்ப நேரம் சும்மாவே இருந்தாள். அப்புறம், "பெரியம்மா, உங்க ஊர் ஸ்கூல்ல ஒரு பெஞ்சுல எத்தன பேர் உக்காருவாங்க?" என்று கேட்டாள். இரண்டு பேர் என்றேன். "அந்த ரெண்டு பேரும் தெனமும் அதே எடத்துலதான் உக்காருவாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி பெரியம்மா" என்று போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். பிள்ளைக்கு இங்கே வர ஆசை. உன்னிடம் சொல்ல பயம்.

நகராட்சியில் விசாரித்துவிட்டேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். மகன் லூதோவிக் வேலை கிடைத்து லியோனுக்குப் போய்விட்டதால் அவன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. சுவருக்கு மஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. ஜெஸ்வினை இப்போதைக்கு நீ வைத்துக்கொள் என்றாலும் சரி, பெண் பிள்ளையையாவது அனுப்பு.

நீ முடியாது என்றால் ஏப்ரலில் நானே வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.

லுயீஸ்


துலூஸ்
6 மார்ச் 2024

நெல்சன்,

ஊரிலிருந்து என் சிநேகிதி ஸ்டெல்லாமேரி போன் செய்தாள். மாதா கோயிலில் சொல்லிக்கொண்டார்களாம். அரிக்கமேட்டில் மெரினைக் காணோம் என்று படகுக்காரர்கள் ஆற்றில் இறங்கித் தேடினார்கள் என்கிறாள். பிள்ளை கிடைத்துவிட்டாள் என்றும் சொன்னாள். வேறு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

உன் போன் அணைந்திருக்கிறது. சுமலதா, "நல்லாருக்கா, அவங்கப்பா சொல்லுவாரு" என்று வைத்துவிட்டாள்.

என்ன நடந்தது? எழுது. எதையும் மறைக்காதே. நான் சண்டை போடமாட்டேன்.

லுயீஸ்


முத்தியால்பேட்டை
19 மார்ச் 2024

லுயீஸ் அக்காவுக்கு,

மெரின் நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

மார்ச் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி அரிக்கமேட்டுக்குப் போனோம். வழக்கமாக சுமலதாவும் அவள் மகள் இனியாவும் கூட வருவார்கள். அன்றைக்கு இனியாவுக்குச் சளி. நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். காலையில் கிளம்பும்போதே மெரின் "நான் வரல" என்றாள். "வீட்ல என்ன பண்ணுவ, வாம்மா" என்று தொப்பியை மாட்டிவிட்டேன்.

அங்கே மாமரங்களுக்கு நடுவே பழைய செங்கல் சுவர் நிற்கிறதே, அங்கே பையை இறக்கினேன். முன்னே ரோமானியர் கப்பல் வந்த ஆறு, ஜாடியில் திராட்சை ரசம் கொண்டுவந்தார்கள் என்று சாந்திரா சொல்கிற கதையைச் சொன்னேன். பிறகு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மெரின் மேலே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். ஜெஸ்வின் ஒரு நண்டு வளைக்குள் குச்சியை விட்டுக்கொண்டிருந்தான். நண்டு கடித்துவிடும் என்று அவன் பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன், மரத்தடியில் அவள் இல்லை.

கூப்பிட்டேன். சுவரைச் சுற்றி ஓடினேன். தோப்பு முழுக்க ஓடினேன். திரும்பிக் கரைக்கு வந்தால் அவள் செருப்பு இரண்டும் தண்ணீர் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது. மேலே போனவள் திரும்பவும் தண்ணீருக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஜெஸ்வினை இடுப்பில் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு இறங்கிவிட்டேன். அவன் "அப்பா, பேன்ட்டு நனையுது, பேன்ட்டு நனையுது" என்று அழுகிறான். எதிர்க்கரையோரம் வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நான் கத்தியதைக் கேட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "புள்ளய தூக்கினு கரையில நில்லுண்ணே, நாங்க பாக்கறோம்" என்று ஒருவர் குதித்தார். இன்னொருவர் வலையையே போட்டு இழுத்தார். வலை மேலே வரும்போது நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எழுத முடியாது. சேறும் பாசியும்தான் வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதுதான்.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற ராஜவேல் என்பவர் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னதும், "பச்ச கவுன் போட்ட பொண்ணா? செருப்பு இல்லாம? அது ரோட்டுப் பக்கம் ஸ்கூல்ல உக்காந்துனு இருக்குதுங்க. யாரு வூட்டுப் பொண்ணுன்னு டீச்சர் எல்லாரையும் கேட்டுனு இருக்காங்க" என்றார்.

ஓடினேன். ஈரத் துணியோடு, ஜெஸ்வினைத் தோளில் போட்டுக்கொண்டு. சின்ன அரசுப் பள்ளிக்கூடம். சாப்பாட்டு நேரம். வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் மெரின். தட்டில் சாம்பார் சோறு, முட்டை. பக்கத்துப் பெண் ஏதோ சொல்ல, இவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டீச்சர் எழுந்து வந்தார். "பேரு கேட்டா மெரின்னு சொல்லுது. வூடு எங்கன்னா பதில் இல்ல. வாசல்லயே ரொம்ப நேரம் நின்னுனு இருந்துச்சுங்க. உள்ள வரியாம்மான்னு கேட்டேன், வந்து வரிசையில உக்காந்துடுச்சு. பசிக்குதான்னேன், தலைய ஆட்டுச்சு."

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். நான் நனைந்திருப்பதைப் பார்த்து முகம் மாறியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. "சாப்ட்டு முடிச்சுட்டு வரேம்ப்பா" என்றாள்.

நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். படகுக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்திருந்தார். அவளைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. "ஏம்மா அங்க போன?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சொன்னாள். "அங்க யாரோட அம்மாவும் இல்லப்பா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளாகவே சொன்னாள். "வெளிய போனா சுமலதா ஆன்ட்டி இனியாவுக்குத் தண்ணி குடுப்பாங்க. மூக்கு தொடைப்பாங்க. ஏரிக்கு வரவங்க எல்லாம் அம்மாவோட வராங்க. ஸ்கூல்ல எல்லாரும் தனியாதான் உக்காந்திருக்காங்க. யாருக்குமே அம்மா இல்ல."

"நா இருக்கேன்ல."

"நீங்க அம்மா சொன்னதையே சொல்றீங்க. அம்மா நின்ன எடத்துலயே நிக்கறீங்க. அங்கல்லாம் நா அம்மாவ தேடறேம்ப்பா. நீங்க தேட மாட்றீங்க."

இதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. ஜெஸ்வின்தான் அழுதான், எதற்கு என்று அவனுக்கே தெரியாமல்.

பதினெட்டு நாளாகப் பிள்ளைகளை எங்கேயும் வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை. செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வலை நினைவுக்கு வருகிறது. சாந்திரா செய்ததை நிறுத்தாமல் செய்தால் பிள்ளைகளுக்கு அவள் இருப்பது போலவே இருக்கும் என்று நம்பினேன். மெரினுக்கு அது எப்படி இருந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

உங்கள் மேல் கோபமாக இருந்தவரை எனக்கு ஒரு பிடி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் என்று நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டால், அடுத்த சொல் துலூஸ் என்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நெல்சன்


துலூஸ்
4 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி நெல்சனுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. கடைசி நிறுத்தம் வரை போய், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். நான் பார்த்துக்கொள்கிற கிழவி ஒருத்தி, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். தூசி என்றேன்.

ராத்திரி எமீலுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். அவர் பேசுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். கேட்டு முடித்துவிட்டு, "நாம அந்தப் புள்ளய கேட்டமா?" என்றார். போனில் பேசினேனே என்றேன். "அது ஸ்கூல பத்திக் கேட்டுது. பிரான்ஸ பத்திக் கேக்கல" என்றார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா இறந்தபோது சாந்திராவுக்குப் பத்து வயது. எனக்கு இருபது நடந்துகொண்டிருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வீட்டில் சொந்தக்காரர்கள் கும்பலாக இருந்தார்கள். பெற்றவளைப் புதைத்த மண் காயவில்லை, இதற்கு ஸ்கூல் கேட்கிறதா, கல் நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் வாசலை விட்டு அசையவில்லை. நான்தான் தலையைப் பின்னிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள், பள்ளிக்கூட கேட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டு ஓடினாள். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

அப்படிப்பட்டவள்தான் பிறகு தன் பிள்ளைகளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அம்மா இருக்கிற பிள்ளைகளுக்கு அவள் செய்தது அது. அதில் பிழை இல்லை. நீ தொடர்ந்ததிலும் பிழை இல்லை தம்பி. உனக்கு வேறு என்ன தெரியும்?

மெரினை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர். உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். துலூஸ் பேச்சை நான் எடுக்கமாட்டேன். கட்டில் இருக்கட்டும், விடுமுறைக்கு வந்தால் படுத்துக்கொள்ளட்டும். ஜெஸ்வினுக்குச் சேறு பிடிக்கிறது என்றால் அவனை இன்னும் கொஞ்ச நாள் சேற்றில் விடு. இரண்டு பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது.

திருவக்கரையைப் பற்றி நான் கேட்டதை இனி எங்கேயும் கேட்கமாட்டேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் மோசமான நாள் என்று நோயாளிகளோடே இருக்கிற எனக்கே அவள் போன பிறகுதான் படித்துத் தெரிந்தது. உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவள் கிளம்பிவிட்டால் யார் சொன்னாலும் நிற்கிறவளா?

ஏப்ரலில் வரவில்லை. நான் வந்து நின்றால் மெரின் தன்னை அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று நினைப்பாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

இனி போனை எடு.

உன் அக்கா
லுயீஸ்


முத்தியால்பேட்டை
4 நவம்பர் 2024

அன்புள்ள லுயீஸ் அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம், இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல வரவில்லை. ஜெஸ்வினை சுமலதா வீட்டில் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஜூனில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். முதல் மாதம் அவள் பள்ளியில் பேசவில்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்லாமல் விட்டேன். பழைய கதைதான் திரும்புகிறதோ என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆனால் ஒரு நாள்கூட போகமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் வந்து, பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்குப் பல் விழுந்துவிட்டது என்றாள். அதன் பிறகு தினமும் ஒரு சேதி வருகிறது.

போன மாதம் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். நான் முதலில் போகவேண்டாம் என்று இருந்தேன். வகுப்பறை முழுக்க அம்மாக்கள் வந்து உட்காருவார்கள். எதிலிருந்து ஒதுங்க அவள் அங்கே போய் உட்கார்ந்தாளோ, அது அங்கேயும் வரப்போகிறது. வேண்டாம் என்று அவளிடமே சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் வருவாங்கப்பா, நீங்களும் வரணும்" என்றாள்.

போனேன். நான் நினைத்தது போலவே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் அதன் இடத்தில் உட்கார்ந்து, அதன் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மெரின் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் முறை வந்தபோது, வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கிற டீச்சர் தெரியாமல் கேட்டுவிட்டார், "அம்மா வரலியாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெரின் சொன்னாள். "எங்கம்மா செத்துட்டாங்க மிஸ். இவங்க எங்கப்பா. இவங்ககிட்ட சொல்லுங்க."

அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அடக்கத்தன்றுகூட அவள் சொல்லவில்லை. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசினார். கணக்கு நன்றாக வருகிறது, கையெழுத்துத்தான் மோசம் என்றார். எங்கெங்கோ போன கதையெல்லாம் சொல்லிப் பக்கத்துப் பிள்ளைகளைப் பாடம் கவனிக்க விடுவதில்லை என்றும் ஒரு குறை சொன்னார். நான் கண்டிப்பதாகச் சொன்னேன். கண்டிக்கவில்லை.

இரண்டு நாள் முன்னால் கல்லறைத் திருநாள். போன வருஷம் அவள் வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். இந்த வருஷம் நான் கேட்கவே இல்லை. பூ வாங்கக் கிளம்பும்போது அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஜெஸ்வினையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். காலையில் பெய்த மழையில் தரை ஊறியிருந்தது. சனம் நிறைய. எல்லாக் கல்லறையிலும் சாமந்தியும் மெழுகுவத்தியும். ஜெஸ்வினுக்கு அங்கேயும் ஒரு மண்புழு கிடைத்துவிட்டது, அதோடு நின்றுவிட்டான்.

மெரின் பழைய கல்லறைகளுக்கு நடுவில் மெதுவாக நடந்தாள். பிரெஞ்சுப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கல்லில் வெட்டியிருக்கிற இரண்டு வருஷத்தையும் பார்த்து, உதட்டை அசைத்துக் கழித்துக்கொண்டே வந்தாள். "இவங்க எண்பத்தி ஒண்ணுப்பா." "இவரு நாப்பது." ஒரு சின்னக் கல்லின் முன்னால் நின்று, "இது ரெண்டே வயசு" என்றாள், குரல் இறங்கிவிட்டது. இப்படிக் கழித்துப் பார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை அக்கா. சாந்திரா இங்கே அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே இல்லை. இது அவளாகச் செய்தது. நான் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

சாந்திராவின் கல்லருகே வந்ததும் நின்றாள். பூவை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். உட்கார்ந்து, பிறந்த வருஷத்தின் மேலும் இறந்த வருஷத்தின் மேலும் விரலை ஓட்டினாள். கொஞ்சம் நேரம் எடுத்தது.

"முப்பத்தஞ்சு" என்றாள்.

நவம்பரில் பிறந்தவள், செப்டம்பரில் போய்விட்டாள். உங்களுக்குத் தெரியும், முப்பத்து நான்குதான். வருஷத்தை மட்டும் கழித்தால் ஒன்று கூடுதலாக வரும். சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். மெரின் கன்னத்தைக் கல்லில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

சரியா என்பது போல என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரிம்மா என்றேன்.

உங்கள் தம்பி
நெல்சன்